பழைய நிறுவனத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ்: என்ன பதில் எழுதுவது?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

கேள்வி: நான் பொறியியல் பட்டதாரி. பெங்களூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தபோது, 2 ஆண்டுகள் கட்டாயம் பணிபுரிவேன், இடையில் விலகினால் 3 லட்சம் ரூபாய் தருவேன் என்று முத்திரைத்தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். மதிப்பெண் சான்றிதழ்களையும் பட்டச் சான்றிதழையும் அசலாகவே வாங்கி வைத்துக்கொண்டதுடன், தொகையும் தேதியும் நிரப்பாத காசோலை ஒன்றிலும் கையெழுத்துப் பெற்றார்கள். பயிற்சி என்று அவர்கள் சொல்வது, முதல் 3 வாரங்கள் மூத்த ஊழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததுதான். அந்த வாரங்களிலேயே வாடிக்கையாளரின் வேலையையும் செய்தேன். அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்க வேண்டிய நிலை வந்ததால் 10-ஆவது மாத முடிவில் மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பி, 30 நாள் நோட்டீஸ் காலமும் வேலை செய்துவிட்டுச் சேலத்துக்கு வந்துவிட்டேன். கடைசி மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. இப்போது 15 நாட்களுக்குள் 3 லட்சத்தையும் 18 சதவிகித வட்டியையும் செலுத்த வேண்டும், தவறினால் சிவில், கிரிமினல் நடவடிக்கை எடுக்கப்படும், ஓராண்டுக்கு இதே துறையில் வேறு எங்கும் சேரக் கூடாது என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அப்பா தூக்கம் இல்லாமல் தவிக்கிறார். கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்கிறார். மேலாளருக்கு போன் செய்து கெஞ்சிப் பார்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: முதலில் உங்கள் அப்பாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அன்று. ஒரு தரப்பு தன்னுடைய கோரிக்கையை வழக்கறிஞர் மூலமாக எழுதி அனுப்பிய கடிதம், அவ்வளவுதான். 15 நாள் முடிந்த மறுநாள் உங்கள் வீட்டு வாசலில் அமீனா வந்து நிற்க மாட்டார், எந்தப் பொருளும் ஜப்தியாகாது. நிறுவனம் வழக்குப் போட வேண்டும், உங்களுக்குச் சம்மன் வர வேண்டும், உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும், சாட்சி விசாரணை நடக்க வேண்டும். அதன் பிறகுதான் தீர்ப்பு. இந்த நிலையில் அவசரப்பட்டு வட்டிக்குக் கடன் வாங்குவதுதான் உங்கள் குடும்பத்துக்கு உண்மையான ஆபத்து. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அந்த 15 நாள் கெடு, நிறுவனத்தின் வழக்கறிஞர் தாமாக வைத்தது. ஆனால் எல்லா நோட்டீஸுக்கும் இதையே சொல்லிவிட முடியாது. காசோலை பணமின்றித் திரும்பியதற்காக மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின் கீழ் அனுப்பப்படும் நோட்டீஸில், கிடைத்த நாளிலிருந்து 15 நாள் என்பது சட்டமே வகுத்த கெடு. அதேபோல, தகராறை நடுவர் மூலம் தீர்க்க வேண்டும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்து, அதன்படி நடுவரை நியமிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால், 30 நாட்களுக்குள் பதில் தராமல் இருப்பது எதிர்த்தரப்பு நேரே உயர் நீதிமன்றத்தை அணுக வழிவிடும். ஆகவே எந்த நோட்டீஸ் வந்தாலும், தொகை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பியிருக்கும் நகலைப் படித்துப் பார்த்தேன். உங்களுடையது இவ்விரண்டு வகையிலும் சேராத, சாதாரணப் பணக் கோரிக்கை நோட்டீஸ். எனினும் குறித்த நாளுக்குள் பதில் அனுப்பிவிடுவதே நல்லது. பின்னாளில் நீதிபதியின் முன் நிற்கும்போது, 'இந்தக் குறைகளையெல்லாம் அப்போதே ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்விக்கு இடம் இருக்கக் கூடாது.

மேலாளருக்கு போன் செய்யாதீர்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னைப் பார்க்க வரும் இளைஞர்களில் பலர், நோட்டீஸ் வந்த அன்றே பயத்தில், 'சார், மன்னித்துவிடுங்கள், மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு, ஒரு வாரம் கழித்து வழக்கறிஞரைத் தேடி வருகிறார்கள். அந்த ஒரு வரி, கடனை நீங்களே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகிவிடும். உரிய சான்றுடன் தாக்கல் செய்தால் மின்னணுப் பதிவுகளை நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது. அவர்களே அழைத்தால், 'எழுத்தில் பதில் அனுப்புகிறேன்' என்று மட்டும் மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுங்கள்.

இனி, பத்திரம் செல்லுமா என்ற கேள்வி. நீங்கள் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை என்று எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நேர்மையான பதிலாக இருக்காது. குறைந்தபட்ச காலம் வேலை செய்ய வேண்டும் என்ற ஷரத்து செல்லவே செல்லாது என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. 3 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும், தவறினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற ஷரத்து, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தமும் ஆகாது, பொதுக் கொள்கைக்கு விரோதமும் ஆகாது என்பது அந்தத் தீர்ப்பு. ஆனால் நீதிமன்றம் அங்கே எதை எடை போட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது பொதுத்துறை வங்கி. விளம்பரம் செய்து, வெளிப்படையான தேர்வு நடத்தித்தான் ஆள் எடுக்க முடியும். இடையில் ஒருவர் விலகினால் அந்தச் செலவும் காலமும் மறுபடி பிடிக்கும். விலகியவரோ நல்ல ஊதியம் வாங்கிய உயர்நிலை அதிகாரி. கல்லூரியிலிருந்து நேரே வந்த ஒருவரின் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு தனியார் நிறுவனம் எழுதி வாங்கிய பத்திரத்தையும் அதே தராசில் வைக்க வேண்டுமா என்று வாதிட உங்களுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

பத்திரம் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், அதில் எழுதிய 3 லட்சமும் அப்படியே நிறுவனத்துக்குப் போய்விடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் வழங்கும். நட்டத்தைக் கணக்கிட்டு நிரூபிக்க முடியும் என்ற நிலையில் அதை நிரூபித்தாக வேண்டும் என்று 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. உங்கள் பத்திரத்தில், முதல் மாதத்தில் விலகினாலும் 3 லட்சம், 23-ஆவது மாதத்தில் விலகினாலும் 3 லட்சம் என்று இருக்கிறது. நட்டத்தை நேர்மையாக மதிப்பிட்டு எழுதிய தொகை இப்படி இருக்காது. பயமுறுத்தி உட்கார வைப்பதற்காக எழுதிய தொகைதான் இப்படி இருக்கும். உங்கள் பதிலில் மிக வலுவான இடம் இதுதான். 24 மாதங்களில் 11 மாதங்களை முடித்திருக்கிறீர்கள், நோட்டீஸ் காலத்தையும் நிறைவேற்றியிருக்கிறீர்கள், பயிற்சிக்காக வெளியே எந்தப் பயிலகத்துக்கும் உங்களுக்காகப் பணம் கட்டப்படவில்லை.

பதில் நோட்டீஸை வழக்கறிஞர் மூலமாக அனுப்புவது சிறந்தது. நீங்களே அனுப்பவும் சட்டத்தில் தடை இல்லை. எப்படி அனுப்பினாலும், அவர்களுடைய நோட்டீஸில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் எண் வாரியாகப் பதில் இருக்க வேண்டும். உண்மையை மறுக்காதீர்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதே இல்லை என்று எழுதினால், மற்ற உண்மைகளையும் நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். மாதிரிக்குச் சில வரிகளைத் தருகிறேன்: 'தங்கள் கட்சிக்காரரிடம் நான் பணியில் சேர்ந்ததும், பத்திரத்தில் கையெழுத்திட்டதும் உண்மை. கையெழுத்திடும்போது என்னுடைய அசல் சான்றிதழ்கள் தங்கள் கட்சிக்காரரின் வசம் இருந்தன. எனக்கு அளிக்கப்பட்டதாகக் கூறும் பயிற்சி எந்தத் தேதியில், யாரால், எவ்வளவு செலவில் அளிக்கப்பட்டது என்ற விவரத்தையும், அந்தச் செலவுக்கான ரசீதுகளின் நகலையும் கோருகிறேன். நான் விலகியதால் ஏற்பட்டதாகக் கூறும் நட்டத்தின் கணக்கையும் கோருகிறேன். கணக்கும் ஆதாரமும் இல்லாத இந்தக் கோரிக்கையை முழுமையாக மறுக்கிறேன்.' இவ்வளவு அடக்கமாக எழுதினால் போதும். நிறுவனத்தில் யார் யாரை எப்படித் திட்டினார்கள், யாருக்கு எப்படிப் பதவி உயர்வு கிடைத்தது என்பதெல்லாம் உங்கள் மனத்தில் ஆறாமல் இருக்கலாம். பதில் நோட்டீஸ் அதற்கான இடம் அன்று. 18 சதவிகித வட்டிக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: பத்திரத்தின் எந்த ஷரத்தில் அது இருக்கிறது? நீங்கள் அனுப்பிய நகலில் வட்டி என்ற சொல்லே இல்லை.

அதே பதிலில் உங்களுக்கு வர வேண்டியதையும் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை 2 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் விலகியது அந்தத் தேதிக்குப் பிறகு என்பதால் இதைத் துணிந்து எழுதலாம். அம்மாவின் சிகிச்சைக்கான மருத்துவமனைச் சீட்டுகளின் நகலை இணைக்கலாம். அசலை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

சான்றிதழ்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஒருவர் படித்து வாங்கிய சான்றிதழ் அடகுப் பொருள் அன்று. கடனுக்காக அதைப் பிடித்து வைக்கும் உரிமையை எந்தச் சட்டமும் நிறுவனத்துக்குத் தரவில்லை. ஒவ்வொரு சான்றிதழின் பெயரையும் வரிசை எண்ணையும் குறிப்பிட்டு, 7 நாட்களுக்குள் திருப்பி அனுப்பும்படி பதிலில் கேளுங்கள். ஒப்படைத்தபோது அவர்கள் கொடுத்த ரசீதோ மின்னஞ்சலோ இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். தராவிட்டால், அவற்றைத் திரும்பப் பெறத் தனியாக வழக்குத் தொடரலாம். காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

அந்தக் காசோலைதான் நீங்கள் உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய இடம். வெற்றுக் காசோலையாகக் கொடுத்தேன் என்று சொன்னால் மட்டும் தப்பிக்க முடியாது. கையெழுத்து உங்களுடையது என்றால், பிறர் நிரப்பிய காசோலையாக இருந்தாலும் கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த அனுமானத்தை ஆதாரம் காட்டி உடைக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஆகவே அதை வங்கியில் போடுவதற்கு முன்பே, காசோலையின் எண், கிளை, கொடுத்த நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 'பணியில் சேரும்போது பிணையாகப் பெறப்பட்டது. அன்றைக்கோ இன்றைக்கோ அதற்கு ஈடான கடன் எதுவும் இல்லை. பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பவும்' என்று பதிலில் பதிவு செய்துவிடுங்கள். வங்கிக்கும் எழுதிக்கொடுத்து அந்தக் காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று நிறுத்தி வைக்கலாம். ஆனால் அப்படி நிறுத்தியதால் திரும்பிய காசோலைக்கும் 138-ஆவது பிரிவில் வழக்கு வரக்கூடும் என்பதால், அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். காசோலை திரும்பிவிட்டதாக இன்னொரு நோட்டீஸ் வந்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் வழக்கறிஞரிடம் போங்கள். காசோலை நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் இருந்ததே எதிர்த்தரப்பின் கூற்றில் உண்மை இருப்பதைக் காட்டுகிறது என்று 2010-இல் ரங்கப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. தண்டனை 2 ஆண்டு வரை சிறையாகவோ, காசோலைத் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதமாகவோ, இரண்டுமாகவோ இருக்கலாம்.

ஓராண்டுக்கு வேறு எங்கும் சேரக் கூடாது என்ற மிரட்டலுக்கு அதிக இடம் தேவையில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது என்று தடுக்கலாம்; வேலை முடிந்த பிறகும் தொடரும் தடை செல்லாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. நாளைக்கே சேலத்திலோ கோவையிலோ வேலைக்குச் சேரலாம். நிறுவனத்தின் மடிக்கணினி, நிரல், வாடிக்கையாளர் விவரம் எதுவும் உங்களிடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இருந்தால் ரசீது பெற்றுக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுங்கள். ரகசியக் காப்பு ஷரத்து வேலையை விட்ட பிறகும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

வழக்கு வந்தால் எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று உங்கள் பத்திரத்தில் இருக்கிறது. வேலை ஒப்பந்தங்களிலும் இத்தகைய ஷரத்து செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், வழக்கைச் சேலத்தில் நடத்தலாம் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நிறுவனம் வழக்குத் தொடர, ஒப்பந்தம் மீறப்பட்டதாகச் சொல்லும் நாளிலிருந்து 3 ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கிறது. அலைச்சலையும் செலவையும் எண்ணிப் பார்த்து, பதில் அனுப்பிய பிறகு ஒரு சிறு தொகையில் சமாதானம் செய்துகொள்ள நீங்கள் முடிவு செய்தால், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சமாதானத்தை எழுத்தில் முடித்து, சான்றிதழ்களும் காசோலையும் உங்கள் கைக்கு வந்து சேரும் நாளில்தான் பணம் கைமாற வேண்டும்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் 9 ஆண்டுகள் வேலை செய்தேன். முதலாளி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். கொலுசாகச் செய்து எடை போட்டுத் திருப்பித் தருவேன். சேதாரம் போக மீதிக் கணக்கைத் தன்னுடைய பெரிய நோட்டிலும், என்னிடம் இருக்கும் சின்ன நோட்டிலும் அவரே எழுதுவார். கூலி அதிகம் கிடைக்கிறது என்று வேறு பட்டறைக்கு மாறிய 2 மாதம் கழித்து, 1 கிலோ 240 கிராம் வெள்ளி குறைகிறது, 7 நாளில் தராவிட்டால் மோசடிப் புகார் கொடுப்போம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதற்குள் அவருடைய ஆட்கள் வீட்டுக்கு வந்து புரோநோட்டில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டுக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?
– கொலுசுத் தொழிலாளி, சிவதாபுரம்.

பதில்: போடவே போடாதீர்கள். இன்றைக்கு உங்களுக்கும் அவருக்கும் இடையில் இருப்பது சரிபார்க்க வேண்டிய ஒரு கணக்கு. புரோநோட்டில் கையெழுத்துப் போட்ட கணத்தில் அது நீங்கள் ஒப்புக்கொண்ட கடனாகிவிடும். பணம் வாங்கித்தான் எழுதிக்கொடுத்தீர்கள் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். வெற்றுத்தாளிலும் கையெழுத்து வேண்டாம், கைரேகையும் வேண்டாம்.

உங்கள் சின்ன நோட்டுதான் உங்களுடைய பெரிய பலம். நீங்கள் அனுப்பியிருந்த 4 பக்கப் படங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் கொடுத்த எடை, திரும்பிய எடை, சேதாரம், நிலுவை ஆகியவை முதலாளியின் கையெழுத்திலேயே இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில், நீங்கள் விலகிய வாரத்தில், நிலுவை என்று 38 கிராம் எழுதி, அதற்குக் கீழே கூலியில் கழித்ததாகவும் ஒரு வரி இருக்கிறது. அப்படியானால் 1 கிலோ 240 கிராம் எங்கிருந்து வந்தது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தோன்றுவது, 9 ஆண்டுகளின் சேதாரத்தை இப்போது குறைத்துப் போட்டு, அந்த வித்தியாசத்தை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். கம்பி இழுப்பதிலும், ராவுவதிலும், பற்றவைப்பதிலும், மெருகேற்றுவதிலும் வெள்ளி குறையும் என்பது செவ்வாய்ப்பேட்டையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாரா வாரம் ஏற்றுக்கொண்ட சேதாரத்தை ஆண்டுகள் கழித்து மறுக்க முடியாது. நோட்டு முழுவதையும் பக்கம் விடாமல் படம் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அசலை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டாம். 'கணக்குப் பார்த்துத் தருகிறோம்' என்று கேட்டாலும் தர வேண்டாம்.

பதில் நோட்டீஸில், இருதரப்பு நோட்டுகளையும் வைத்து வாரவாரியான கணக்கைத் தரும்படி கேளுங்கள். கடைசிப் பக்கத்தின் நகலை இணையுங்கள். வீட்டுக்கு ஆட்கள் வந்த தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். கூலிப் பாக்கி இருந்தால் அதையும், பட்டறையில் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்திருந்தால் 9 ஆண்டுகளுக்கான பணிக்கொடையையும் சேர்த்துக் கேளுங்கள். துண்டுக் கூலிக்கு வேலை செய்தவருக்கும் பணிக்கொடை உண்டு. விலகுவதற்கு முந்தைய 3 மாதக் கூலியின் சராசரியை வைத்து அது கணக்கிடப்படும்.

காவல் துறையைப் பற்றி நீங்கள் பயப்படுவது புரிகிறது. ஒப்படைத்த பொருளை நேர்மையற்ற எண்ணத்துடன் அபகரிப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவின்படி குற்றம்தான்; வேலைக்காரர் செய்தால் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் கணக்கில் வித்தியாசம் இருக்கிறது என்பது மட்டும் அந்தக் குற்றம் ஆகிவிடாது. நேர்மையற்ற எண்ணம் இருந்ததைக் காட்டியாக வேண்டும். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்ற காரணத்தைப் பதிவு செய்யாமல் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. விசாரணைக்கு வரும்படி எழுத்தில் அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். வழக்கறிஞருடன், நோட்டின் நகலுடன், பதில் நோட்டீஸின் நகலுடன் போங்கள். பணத்தை வசூலித்துக் கொடுப்பது காவல் நிலையத்தின் வேலை அன்று என்பதை அங்கே பணிவாகவே சொல்லலாம். அங்கும் எந்தத் தாளிலும் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். கைது செய்வார்கள் என்று நியாயமான அச்சம் இருந்தால் முன்ஜாமீன் கேட்க வழி இருக்கிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சேலம் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். தொழிலாளர்கள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் 6 ஆண்டுகள் சூப்பர்வைசராக இருந்துவிட்டு விலகினேன். போன வாரம் தபால்காரர் கொண்டுவந்த உறையில் வழக்கறிஞர் முத்திரை இருந்ததைப் பார்த்து, நான் வீட்டில் இல்லாததால், என் மனைவி பயந்துபோய் வாங்க மறுத்துவிட்டார். பழம் பறிப்புக்கு ஆள் சேர்க்கத் தோட்டத்தில் கொடுத்த முன்பணத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வாங்காததால் நோட்டீஸ் செல்லாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், ஏற்காடு.

பதில்: சரியில்லை. சரியான முகவரிக்கு, தபால் கட்டணம் செலுத்தி, பதிவு செய்து அனுப்பிய கடிதம் உரியவருக்குச் சேர்ந்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதித் திருப்பிய உறை, எதிர்த்தரப்பின் கையில் ஒரு சாட்சியாகவே இருக்கும். காசோலை நோட்டீஸுக்கும் இதே விதிதான் என்று 2007-இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்ளே இருப்பதைப் படிக்கும் வாய்ப்பு உங்களுக்குப் போனதுதான் மிச்சம்.

மனைவியைக் கோபிக்காதீர்கள், பயத்தில் எத்தனையோ பேர் இதைச் செய்கிறார்கள். உறையின் மேல் இருந்த வழக்கறிஞரின் பெயர் அவருக்கு நினைவிருந்தால், அவருக்கு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள்: 'இந்தத் தேதியில் தங்களிடமிருந்து வந்த உறை, நான் வீட்டில் இல்லாததால் பெறப்படவில்லை. அதன் நகலை எனக்கு அனுப்பிவைக்கவும். கிடைத்ததும் பதில் தருகிறேன்.' பெயர் நினைவில்லை என்றால் தோட்ட நிர்வாகத்துக்கே இந்தக் கடிதத்தை அனுப்பலாம். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், ஏற்காடு அஞ்சலகத்தில் விரைவுத் தபாலில் பதிவு செய்து, சேர்ந்ததற்கான அத்தாட்சியும் கேட்டு அனுப்புங்கள். ரசீதைக் கடித நகலின் பின்புறம் ஒட்டி வையுங்கள்.

நகல் வரும்வரை முன்பணக் கணக்கைத் தயாராக்குங்கள். தோட்டத்திலிருந்து எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினீர்கள், அதில் எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அவர்கள் கையெழுத்தோ ரேகையோ வைத்த சீட்டு எங்கே இருக்கிறது, பறிப்புக் கூலியில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதையெல்லாம் ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள். சம்பளப் பதிவேடு தோட்ட அலுவலகத்தில் இருக்கும். கழிவு முழுவதும் அதில் தெரியும் என்பதால், அதன் நகலைப் பதிலில் கேட்க வேண்டும். தொழிலாளர்களுக்குப் போய்ச் சேர்ந்த பணத்தை உங்களுடைய சொந்தக் கடனாக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோட்டீஸுக்குப் பயந்து, முன்பணம் வாங்கிய தொழிலாளர்களின் வீட்டுக்குப் போய், பணத்தைக் கொடு, இல்லையென்றால் வேறு தோட்டத்துக்குப் போகாதே என்று நீங்கள் நெருக்கக் கூடாது. கொடுத்த முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு இடத்தில் வேலை செய்யவிடாமல் தடுப்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பையும் அந்தச் சட்டம் ரத்து செய்துவிட்டது. தோட்டத்துக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கை நோட்டீஸும் பதிலுமாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். அதைச் சேர்வராயன் மலைக் கிராமங்களில் இருக்கும் அந்தக் குடும்பங்களின் மேல் இறக்காதீர்கள். நகல் கைக்கு வந்ததும், உறையின் மேல் அன்றைய தேதியை எழுதி, உறையோடு சேர்த்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பத்தி வாரியாக எழுத வேண்டிய பதிலை அப்போது சொல்கிறேன்.